பாட்டை முடிக்கத் தெரியாத இடி அங்கிள்

“தாளம் எழுத்தில வராது பிள்ளை. நீ படிச்ச படிப்பு தபால் அனுப்பத்தான் சரி.”

ஆல்பரி நகரத்தில் ஒரு மண்டபத்தின் பின்வாசல் படியில் இருந்து, அவித்த முட்டை ஒன்றை உரித்தபடி, இடி அங்கிள் என்னிடம் இப்படிச் சொன்னார். சொன்னவர் லேசுப்பட்டவர் இல்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே அவரைப் போல ஒரு பாட்டைத் தொடங்கக்கூடிய மனிதர் கிடையாது. அவரைப் போல ஒரு பாட்டை முடிக்கத் தெரியாத மனிதரும் கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்தவளே நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். டிரம் அடிப்பவர்; அடித்தால் அடுத்த தெருப் பூனை வேலி தாண்டும். அதனால் இடி. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. அதனால் அங்கிள்.

அவருடைய இசைக்குழுவின் பெயர் ‘ஃபோர் வீல்ஸ்’. நாலு சில்லு. ராக் அண்ட் ரோல் என்றாலே கொழும்பு ஹோட்டல் முதலாளிகள் ஜன்னலைச் சாத்திய காலத்தில் அங்கே தொடங்கியது. பிறகு ஒவ்வொரு சில்லாக மெல்பேர்னுக்கு உருண்டு வந்து, இங்கே மறுபடி ஒன்றாகப் பூட்டிக்கொண்டது. திங்கள் முதல் வெள்ளி வரை தொழிற்சாலை, டிராம் வண்டி, தபால் கந்தோர். சனி, ஞாயிறு ராக். இடி அங்கிள் டிரம். செல்வா அங்கிள் பாட்டு. பெர்னாட் அங்கிள் பேஸ் கிற்றார். அவர் பறங்கியர், ஆனால் கோபம் வந்தால் தமிழில்தான் வரும். நாலாவது சில்லு, லீட் கிற்றார் வாசித்தவர், கம்பி அங்கிள்.

கம்பி அங்கிள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகச் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். மற்ற மூவரும் பத்து மாதம் எந்த மேடையிலும் ஏறவில்லை. இடி அங்கிள் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையில் பெல்ட் ஓடும் சத்தத்துக்கு எப்போதும் விரலால் தாளம் போடுவார். அந்தப் பத்து மாதமும் விரலைக்கூட அசைக்கவில்லை என்று பெர்னாட் அங்கிள் சொன்னார்.

நான் அப்போது மெல்பேர்னில், இசைக்குழுக்களுக்கு மண்டபம் பிடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் தட்டச்சுக்காரி. என் அப்பா கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்பாவும் கைநாட்டு, அம்மாவும் கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கையில் இருந்ததால்தான் இந்த நாட்டுக்கே வந்து சேர்ந்தேன். அதனால் எந்தக் காகிதத்திலும் என் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

ஒரு நாள் தொலைபேசி அடித்தது.

“இடி கதைக்கிறன்.”

“சொல்லுங்க அங்கிள்.”

“வெளிக்கிடுறம்.”

“எங்க?”

“நீதானே ஊர் பிடிக்கிறனீ. பிடி.”

பிடித்தேன். மெல்பேர்னில் இருந்து சிட்னி போகும் ஹியூம் நெடுஞ்சாலையில் மூன்று ஊர். கடைசியில் சிட்னியில், லிட்கம் என்ற இடத்தில் ஒரு மண்டபம். அதோடு நானாகவே யோசித்து சிட்னி வானொலி நிலையம் ஒன்றுக்கும் கடிதம் எழுதினேன். ‘இலங்கையில் பிறந்த ராக் குழு, நண்பனை இழந்த பின் மறுபடி சாலையில்’ என்று. பதில் வந்துவிட்டது. லிட்கம் நிகழ்ச்சியை ஞாயிறு பிற்பகல் மூன்றரையில் இருந்து நேரடியாக ஒலிபரப்புகிறார்களாம். நாலு மணிக்குச் செய்தி. மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கடைசிப் பாட்டு முடிந்திருக்க வேண்டும்.

எங்கள் முதலாளி டொனலி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “இது நல்லபடி போனால் அடுத்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றலாம். பிசகினால் நம்முடைய பட்டியலில் இருந்து அவர்கள் பெயரை எடுத்துவிடு. மூன்று கிழவர்களுக்கு இன்னொரு வானொலி நிலையம் கிடைக்காது” என்றார். பிறகு என்னையே கூடப் போகச் சொன்னார். “என்ன விஷயத்துக்குச் சண்டை போடுகிறார்கள் என்பதாவது உனக்குப் புரியும்.”

பெயரை எடுக்க ஒரு கோடு போதும். அதைப் போட வேண்டியவளும் நான்தான். அந்தக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் வியாழக்கிழமை காலை அவர்களுடைய வான் வண்டியில் ஏறினேன்.

முதல் மணி நேரத்திலேயே பொலிஸ் பிடித்தது.

வானை ஓட்டியது செல்வா அங்கிள். பக்கத்தில் இடி அங்கிள். வான் திரும்பும்போது போடும் சிக்னல் விளக்குக்கு ஒரு டிக், டிக் சத்தம் உண்டல்லவா? அந்தச் சத்தம் தாளத்தில் இல்லையாம். அது கேட்டால் இடி அங்கிளுக்குப் பல் கூசுமாம். ஆகவே அவர் இருக்கும் வண்டியில் சிக்னல் போடக் கூடாது. ஒரு சந்தியில் சிக்னல் இல்லாமல் திரும்பினோம். பின்னால் பொலிஸ் சைரன்.

பொலிஸ்காரர் குனிந்து, ஏன் சிக்னல் போடவில்லை என்று கேட்டார்.

“வேலை செய்யும். ஆனால் அது தாளம் தப்புது” என்று இடி அங்கிள் ஆங்கிலத்தில் அமைதியாக விளக்கினார்.

பொலிஸ்காரர் எங்களை இறக்கி வானைச் சோதித்தார். பெரிய டிரம்முக்குள் கை விட்டார். சத்தத்தை அடக்க உள்ளே தலையணை வைப்பது எல்லா டிரம்காரரின் வழக்கம். தலையணைக்குள் அவித்த முட்டை வைப்பது இவர் வழக்கம் மட்டும்தான். டிரம்முக்குள் வைத்தால் சூடு ஆறாதாம். பொலிஸ்காரரின் கையில் பன்னிரண்டு முட்டை வந்தது.

“எடுங்கோ, எடுங்கோ. உப்பும் இருக்குது” என்றார் இடி அங்கிள்.

பொலிஸ்காரர் இரண்டு முட்டையை எடுத்துக்கொண்டு, எழுதத் தொடங்கிய தாளைக் கிழித்துவிட்டுப் போனார். இடி அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தியே? கடிதம் எழுதாமலே அலுவல் முடிஞ்சுது.”

இன்னொரு விஷயம். மேடையில் அவர் கோட்டும் டையும் போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரி, இங்கிலாந்து பிரபு போல இருப்பார். இடுப்புக்குக் கீழே கட்டம் போட்ட சாரம். டிரம் மறைக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் வாதம்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாதது ஒன்றும் வானில் இருந்தது. அது ஒரு ரப்பர் பாய். ஒரு கதவுமிதி அளவு. பழைய பஸ் ஒன்றின் தரையில் இருந்து வெட்டி எடுத்தது. ஒருகாலத்தில் மைக்கில் மின்சாரம் கசிந்து உதட்டைச் சுட்ட பிறகு, கம்பி அங்கிள் இந்தப் பாயில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றுதான் கிற்றார் வாசிப்பார். எல்லா மேடையிலும் இடி அங்கிளின் இடது பக்கம், கையெட்டும் தூரத்தில். இப்போதும் ஒவ்வொரு மேடையிலும் டிரம்மைப் பூட்டும் முன் இடி அங்கிள் அந்தப் பாயைத்தான் முதலில் விரித்தார். அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. மண்டபக்காரர்கள் ஒப்பந்தத்தைப் பார்த்து, “நாலு பேர் என்று போட்டிருக்கிறதே, நாலாவது ஆள் எங்கே?” என்று கேட்டால் பாயைக் காட்டுவார்.

முதல் நிகழ்ச்சி அன்று மாலை, வாங்கரட்டா என்ற ஊரில். முதல் பாட்டை இடி அங்கிள் தொடங்கினார். நாற்காலிகளில் இருந்தவர்கள் தாமாக எழுந்தார்கள். செல்வா அங்கிளின் குரல் கூரையைத் தொட்டது. கம்பி அங்கிளின் பகுதியையும் சேர்த்துப் பெர்னாட் அங்கிள் எப்படியோ சமாளித்தார். மூன்று நிமிஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏழாவது நிமிஷத்தில் சந்தேகம் வந்தது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் ஒப்பந்தத்தை எடுத்து, முடிக்க வேண்டிய நேரத்தைத் தேடினேன்.

பாட்டு முடியவில்லை.

செல்வா அங்கிள் கடைசி அடியை ஆறாவது தடவையாகப் பாடினார். ஆடியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒரு வயதான தம்பதி வெளியே போய்த் தேநீர் குடித்து, திரும்பி வந்து, அதே பாட்டுக்கு மறுபடி ஆடினார்கள். மேடையில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மலை இறக்கத்தில் பிரேக் இல்லாத லொறி போல ஓடிக்கொண்டிருந்தார்கள். இருபதாவது நிமிஷம் மண்டபக் காவலாளி பொறுக்காமல் மின்சாரத்தை நிறுத்தினார். பாட்டு நின்றது. கிற்றார் நின்றது. இடி அங்கிள் நிற்கவில்லை. டிரம்முக்கு மின்சாரம் தேவையில்லையே.

மறுநாள் வானில் நான் கேட்டேன். “முந்தி எப்பிடி முடிச்சீங்க?”

“கம்பி முடிப்பான்” என்றார் செல்வா அங்கிள்.

“எப்பிடி?”

“கிற்றாரின்ர கழுத்தை மேல தூக்குவான். நாங்கள் நிப்பாட்டுவம்.”

“எப்ப தூக்குவாரு? எத்தனையாவது அடியில?”

வெளியே செம்மறி ஆட்டுப் பண்ணை ஒன்று முழுதாகக் கடந்து போனது.

“அது அவனுக்குத்தான் தெரியும்” என்றார் இடி அங்கிள், முன் கண்ணாடியைப் பார்த்தபடி.

பதினெட்டு வருஷம். ஒரு நாளாவது யாரும் எண்ணியதில்லை. ஒருவர் கழுத்தைத் தூக்குவார், மூவர் நிறுத்துவார்கள். தூக்குகிறவர் இப்போது இல்லை. லிட்கத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

படித்தவள் சும்மா இருப்பாளா? பெர்னாட் அங்கிளிடம் பழைய நிகழ்ச்சி ஒன்றின் கசெட் இருந்தது. ஆல்பரி போய்ச் சேர்வதற்குள் அதைப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது சுற்றில் முடிகிறது என்று சுருக்கெழுத்தில் குறித்தேன். பெரிய அட்டைகளில் எண்களை எழுதினேன். மாலையில் மேடையின் ஓரத்தில் நின்று அட்டைகளைத் தூக்கிக் காட்டினேன். செல்வா அங்கிள் அட்டையைப் பார்த்து நிறுத்தினார். பெர்னாட் அங்கிள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, அட்டையை வாசித்து, ஒரு சுற்றுப் பிந்தி நிறுத்தினார். இடி அங்கிள் என் பக்கம் திரும்பவே இல்லை, தனியே அடித்துக்கொண்டிருந்தார். அதைத் தனி ஆவர்த்தனம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்ட, அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நல்லவேளை, கையில் இருந்து ஒரு குச்சி நழுவியது.

அன்றுதான் பின்வாசல் படியில் இருந்து, தாளம் எழுத்தில் வராது என்றார்.

எனக்கு முகம் சுட்டது. “எழுதாம எது அங்கிள் நிக்கிது? நீங்க மேடை ஏறினதே என்ட கடிதத்திலதான்” என்றேன்.

“ஏறினது கடிதத்தில. இறங்கிறது எதில?” என்று கேட்டு முட்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, யாஸ் என்ற ஊரின் விடுதி அறையில் பெர்னாட் அங்கிளின் இரண்டாவது கசெட்டைப் போட்டபோது என் அட்டைகளும் செத்துப்போயின. அதே பாட்டு முதல் கசெட்டில் நாலாவது சுற்றில் முடிந்தது. இதில் ஏழாவதில் முடிந்தது. கம்பி அங்கிளிடம் கணக்கே இருந்திருக்கவில்லை. இடி அங்கிள் சொன்னது சரி என்பதைக் கட்டிலில் இருந்து ஒத்துக்கொண்டேன். கட்டிலுக்கு மட்டும்.

கோபத்தில் அதையே திருப்பித் திருப்பிப் போட்டேன். அப்போதுதான் அது கேட்டது.

கீச்.

கம்பி அங்கிளின் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேலே கருவியை வைத்துப் பதிவு செய்த கசெட் அது. பாட்டு முடிவதற்குச் சற்று முன்னால், இசைக்கு அடியில், ஒரு சின்னக் கீச். அடுத்த பாட்டிலும் முடிவுக்கு முன்னால் கீச். இரண்டு கசெட்டிலும் மொத்தம் பதினொரு பாட்டு. பதினொன்றிலும் கீச், அதற்கு ஒரு சுற்றுத் தள்ளி முடிவு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வானில் என் முதுகுக்குப் பின்னால் இரண்டு நாளாகக் கீச்சிட்டுக்கொண்டு வந்த டிரம் முக்காலி அது.

இடி அங்கிள் களைத்தால் முக்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்காருவார். முக்காலி கீச்சிடும். பக்கத்தில் பாயில் நிற்கும் கம்பி அங்கிள், நண்பனுக்குக் களைத்துவிட்டது என்று தெரிந்து கிற்றாரின் கழுத்தைத் தூக்குவார். பதினெட்டு வருஷமாகப் பாட்டை முடித்துவந்தது இடி அங்கிள்தான். அவருக்கு மட்டும் அது தெரியாது. சிம்பல் தட்டின் சத்தத்தில் இடது காது போனவர் அவர். தன் முக்காலி கீச்சிடுவதை அவர் கேட்டதே இல்லை.

அன்று பிற்பகல் யாஸ் மண்டபத்தில், ஒத்திகை நேரம், மேடை ஓரத்தில் இருந்து காதைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பாயில் நின்றால்தான் கேட்கும். அதற்குள் மண்டபத்தைக் கூட்டுகிற மனிதர் ஒருவர், கையில் தேநீர்க் கோப்பையோடு மேடையைக் கடக்கும்போது தெரியாமல் பாயில் கால் வைத்தார். டிரம் குச்சி ஒன்று பறந்து வந்தது. அந்த மனிதரின் கையில் கோப்பையின் பிடி மட்டும் மிஞ்சியது.

நான் ஓரத்திலேயே நின்றுகொண்டேன். அன்றைய கடைசிப் பாட்டு பதினாறு நிமிஷம்.

ஞாயிறு காலை பெற்றோல் போட நிறுத்திய இடத்தில், இடி அங்கிள் கழிவறைக்குப் போன சமயம், மற்ற இருவருக்கும் விஷயத்தைச் சொன்னேன். செல்வா அங்கிள் வானில் சாய்ந்துகொண்டார்.

“அவனிட்டச் சொல்லாத” என்றார் பெர்னாட் அங்கிள் உடனே. “சொன்னா அதையே யோசிப்பான். யோசிச்சா சரியமாட்டான். பிறகு செய்தி வாசிக்கிறவனும் எங்கட பாட்டுக்குத்தான் வாசிக்கோணும்.”

“அப்ப நீங்க பாயில நில்லுங்க.”

“நானோ? என்னோட அவனுக்கு ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டில இருந்து கோபம். காலை முறிப்பான். நீ ஏறு. உன்னை ஒண்டும் செய்யமாட்டான்.”

“நேத்து கோப்பைய உடைச்சாரே!”

“கோப்பையைத்தானே உடைச்சவன்.”

லிட்கம் மண்டபத்தில் ஜனம் நிறைந்திருந்தது. காதில் ஹெட்போன் மாட்டிய வானொலிக்காரர் ஒருவர் மேடையில் நாலு மைக் வைத்திருந்தார். சுவரில் பெரிய கடிகாரம். அவர் எங்களை எண்ணினார். “நாலு பேர் என்றல்லவா எழுதியிருந்தீர்கள்?”

“நாலாவது ஆள் வருவார்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மூன்று இருபதுக்கு நான் கழிவறையில் முகம் கழுவிவிட்டு வந்தபோது, வானொலிக்காரர் டிரம் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். கையில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி.

“இந்த முக்காலி மைக்கில் கீச்சிடுகிறது. சரிசெய்துவிட்டேன்” என்றார் சந்தோஷமாக.

இடி அங்கிள் அதில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் சரிந்து காட்டினார். ஒரு சத்தமும் இல்லை. பெர்னாட் அங்கிள் என்னைப் பார்த்தார். நான் பெர்னாட் அங்கிளைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

இடி அங்கிள் தொடங்கினார்.

அவர் எப்படித் தொடங்குவார் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. மண்டபத்தின் தரை என் குதிகாலை உதைத்தது. ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. கம்பி அங்கிளின் பாய் வெறுமையாக இருந்தது. வானொலிக்காரர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாது. நான் ஒப்பந்தம் வைத்திருந்த நீல ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு மேடைக்கு நடந்து, பாயில் ஏறினேன்.

இடி அங்கிள் என்னைக் கண்டார். கண் இரண்டும் சிம்பல் அளவு விரிந்தது. வலது கைக் குச்சி தோளுக்கு மேலே போனது. ஆனால் எறிந்தால் ஒரு அடி தவறும். நேரடி ஒலிபரப்பு. அந்த மனிதர் வாழ்நாளில் வேண்டுமென்று ஒரு அடி தவறவிட்டதில்லை. குச்சி எறிவதற்குப் பதில் சிம்பலில் வந்து விழுந்தது. மறுபடி ஓங்கினார். மறுபடி சிம்பல். ஒவ்வொரு அடியும் எனக்கு வைத்த அடி. இடி அங்கிள் அவ்வளவு நன்றாக அடித்து அவர்கள் கேட்டதே இல்லையென்று மற்ற இருவரும் பிறகு சொன்னார்கள்.

காது உதவாது. ஆகவே கண்ணை எடுக்காமல் பார்த்தேன். வியர்வை. கழுத்து நரம்பு. கடித்த உதடு. அந்தப் பாயில் நின்றால் அவர் முகத்தைத் தவிர வேறு எதுவும் சரியாகத் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. கம்பி அங்கிளுக்கும் கீச் தேவைப்பட்டிருக்காது. அவரும் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

இடது தோள் ஒரு விரல் அளவு இறங்கியது. இடுப்பு சரிந்தது.

நீல ஃபைலை மேலே தூக்கினேன்.

ஒரே அடி. மூவரும் நின்றார்கள்.

பிறகு கைதட்டல் பிய்த்துக்கொண்டது. இடி அங்கிள் தன் குச்சிகளைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

“சப்பாத்தைக் கழட்டு!” என்று கத்தினார்.

அது அப்படியே வானொலியில் போனது. என்ன சொன்னார் என்று வானொலிக்காரர் சைகையில் கேட்டார். அடுத்த பாட்டின் பெயர் என்று உதட்டை அசைத்தேன். அவர் அதை அறிவித்தும்விட்டார்.

சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, வெறுங்காலோடு நின்றேன். இரண்டாவது பாட்டு, தோள் இறங்கியது, ஃபைல் ஏறியது, முடிந்தது. மூன்றாவதும் அப்படியே. எனக்குப் பெருமை தலைக்கேறத் தொடங்கியபோது நாலாவது பாட்டு வந்தது.

அந்த மனிதருக்குச் சந்தோஷம் பிடித்துவிட்டது. மணி மூன்று ஐம்பத்தைந்து. அவருக்குக் களைக்கவில்லை. ஐம்பத்தாறு. பத்து மாதம் அசையாத விரல்களுக்கெல்லாம் சேர்த்து அடித்தார். வானொலிக்காரர் இரண்டு விரலைக் காட்டினார். தோள் இறங்கவில்லை. ஒரு விரல் காட்டினார். இடுப்பு கல் மாதிரி இருந்தது. செல்வா அங்கிள் கடைசி அடியை மூன்றாவது தரம் தொடங்கினார். அவர் குரலில் வாங்கரட்டா கேட்டது. மூன்று ஐம்பத்தேழு தாண்டி முள் அசைந்தது. வானொலிக்காரரின் கை, எங்களை வெட்டிவிடும் பித்தானுக்குப் போனது.

இதுவரை நான் அவரைப் பார்த்துப் பாட்டை முடித்தேன். இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. களைக்காத ஒருவரை நிறுத்த எனக்கு என்ன உரிமை? நான் கம்பி இல்லை. கையில் கிற்றார்கூட இல்லை.

ஃபைலைத் தூக்கினேன்.

அவர் அடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். ஒரு சுற்று. நான் கையை இறக்கவில்லை. பாதிச் சுற்று. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, என் கையை, ஃபைலை, பாயில் இருந்த என் வெறுங்காலைப் பார்த்தார்.

ஒரே அடி.

முடிந்தது. கைதட்டலோடு சிவப்பு விளக்கு அணைந்தது. கடிகாரம் மூன்று ஐம்பத்தெட்டு. இடி அங்கிள் எழுந்து, டிரம்முக்கு முன்னால் வந்து, குனிந்து கும்பிட்டார். கோட்டு, டை, கட்டம் போட்ட சாரம். லிட்கம் எழுந்து நின்று கைதட்டியது.

வானில் பொருட்களை ஏற்றும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். பாயைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

“கடைசிப் பாட்டில கம்பி எண்டா இன்னும் ரெண்டு சுத்து விட்டிருப்பான்.”

“நேரம் இல்ல அங்கிள். உங்கள கேக்கவும் நேரம் இல்ல.”

“ஓம்.” பாயைத் தட்டித் தூசி போக்கினார். “அவனும் என்னைக் கேளாமத்தான் நிப்பாட்டினவன்.”

பிறகு ஒரு முட்டையை உரித்து, உப்புத் தொட்டு, முழுதாக என்னிடம் தந்தார். நான்கு நாளில் அவர் எனக்குத் தந்த முதல் முட்டை. மெல்பேர்ன் திரும்பும் வழியில் செல்வா அங்கிள் மறதியாகச் சிக்னல் போட்டார். இடி அங்கிள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

பாட்டை முடிப்பது அவர்தான் என்பதை அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தக் கதை வரும் பத்திரிகை கப்பலில் மெல்பேர்ன் வந்து அவர் கையில் சேர எப்படியும் இரண்டு மாதம் ஆகும். அதற்குள் யோசிக்கலாம்.

இப்போது அவசரமாக வேறு வேலை இருக்கிறது. போன வாரம் டொனலியின் மேசையில் என் விலகல் கடிதத்தை வைத்தேன். அடுத்த சுற்று அடிலெயிட், பெர்த், கடைசியாக ஹோபார்ட். ஒப்பந்தங்களை நானே தட்டச்சு செய்து, ‘மேலாளர்’ என்ற இடத்தில் என் கையெழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாகவே போட்டு அனுப்பிவிட்டேன். மேடையில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் நாலு என்று அடித்தேன். ஹோபார்ட்டில் குளிர் எலும்பைத் தொடும் என்கிறார்கள். பாயில் சப்பாத்தோடு ஏற முடியாது. ஆகவே கம்பளிக் காலுறை இரண்டு சோடி வாங்கி, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துவிட்டேன்.